பாஸ் மீன்பிடிப்பில் ரீலின் கியர் விகிதம்: எந்தச் செயற்கை இரைக்கு எது பொருந்தும்?

பாஸ் மீனுக்காக முதன்முறையாக பெயிட்காஸ்டிங் ரீல் (தூண்டில் கோலின் மேல் பொருத்தும் நரம்புச் சுருட்டி) வாங்க நினைப்பவர், ஒரே ரீல் 5.4:1, 6.3:1, 7.1:1, 8.1:1 என நான்கு விகிதங்களில் விற்கப்படுவதைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். எந்தச் செயற்கை இரைக்கு எந்த விகிதம் ஏற்றது என்பது ஒன்று. வேகமான ரீல் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது மெதுவாகச் சுற்றினால் போதாதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியின் விடையில்தான் முதல் கேள்வியின் விடையும் பெருமளவு அடங்கியிருக்கிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஸ்பூல், அதாவது தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை, எத்தனை முறை சுழல்கிறது என்பதே கியர் விகிதம். கைப்பிடியோடு இணைந்த பெரிய பற்சக்கரம், ஸ்பூலைச் சுழற்றும் சிறிய பற்சக்கரத்தைத் திருப்புகிறது. பெரியதன் பற்களின் எண்ணிக்கையைச் சிறியதன் பற்களால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். ஆனால் தண்ணீரில் இருக்கும் இரைக்கு இந்த எண் எதையும் சொல்வதில்லை. ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வருகிறது என்பதே அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அது ஸ்பூலின் விட்டத்தையும் பொறுத்தது. நரம்பு நிறைந்த நிலையில் 34 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலை எடுத்துக்கொள்வோம். 5.4:1 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 58 செ.மீ., 6.3:1 விகிதத்தில் 67 செ.மீ., 7.1:1 விகிதத்தில் 76 செ.மீ., 8.1:1 விகிதத்தில் 86 செ.மீ. நரம்பு உள்ளே வரும். நீண்ட தூரம் வீசிய பின் ஸ்பூலில் நரம்பு குறைந்து, சுருளின் விட்டம் 28 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டால், அதே 7.1:1 ரீல் ஒரு சுற்றுக்கு 62 செ.மீ. மட்டுமே இழுக்கும், அதாவது அந்த நேரத்தில் அது ஏறத்தாழ 5.8:1 ரீலாகவே வேலை செய்கிறது. ஸ்பூலைப் பாதியளவு மட்டும் நரம்பால் நிரப்பி வைத்துவிட்டு, ரீல் மந்தமாக இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெட்டியின் மேலோ விவரத்தாளிலோ ஒரு சுற்றுக்கான நரம்பின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் அதை அங்குலத்தில் தருவதால் 2.54 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ரீல்களை ஒப்பிடும்போது விகிதத்தை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுவதே முறை.

இனி, வேகமான ரீலை மெதுவாகச் சுற்றுவதைப் பற்றி. கணக்குப்படி அது முடியும். 5.4:1 ரீலை நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் இரை நொடிக்கு 58 செ.மீ. நகரும்; 8.1:1 ரீலில் அதே வேகத்தைப் பெற ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு யாராலும் இதைச் செய்ய முடியும். ஆனால் கைக்கு இயல்பான ஒரு தாளம் உண்டு. கவனம் மரக்கிளையின் மேலோ நரம்பின் மேலோ சென்றவுடன் கை அந்தத் தாளத்துக்கே திரும்பிவிடும், இரை வேகமெடுத்துவிடும். மெதுவான ரீல் இந்தக் கட்டுப்பாட்டைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது விசை. ஒரு மீட்டர் தூரம் இரையை இழுக்க ஆகும் மொத்த வேலை எந்த ரீலிலும் ஒன்றேதான். குறைந்த விகிதம் அதைப் பல சுற்றுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் இலேசாக்குகிறது. அதிக விகிதம் சில சுற்றுகளில் முடித்து ஒவ்வொன்றையும் கனமாக்குகிறது. நீரில் 1 கி.கி. அளவுக்கு எதிர்ப்புத் தரும் இரை ஒன்றை, மேலே சொன்ன 34 மி.மீ. ஸ்பூலும் இரு குமிழ்களுக்கிடையே 95 மி.மீ. நீளமுள்ள கைப்பிடியும் கொண்ட ரீலால் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உராய்வைச் சேர்க்காமலே, 5.4:1 ரீலின் குமிழில் ஏறத்தாழ 1.9 கி.கி. விசையும், 8.1:1 ரீலின் குமிழில் 2.9 கி.கி. விசையும் தேவைப்படும். ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஒரு கி.கி. வேறுபாடு மணிக்கட்டின் மேல் விழுகிறது. இரை இலேசானதாக இருந்தால் இரண்டு எண்களுமே மிகச் சிறியவையாகிவிடும்; அப்போது வேறுபாடு உணரப்படாது. எனவே விடை இதுதான்: எதிர்ப்புக் குறைந்த இரைகளுக்கு வேகமான ரீலை மெதுவாகச் சுற்றுவது நடைமுறையில் சரிப்பட்டு வரும், நீரை நிறையத் தள்ளிக்கொண்டு வரும் இரைகளுக்குச் சரிப்பட்டு வராது.

இதிலிருந்து, நான் எந்த இரைக்கும் முதலில் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி பிறக்கிறது. இந்த இரையை நகர்த்துவது ரீலா, கோலா? ரீல் சுற்றுவதால் உயிர்பெறும் இரை என்றால், அதன் எதிர்ப்பையும் அதற்கு வேண்டிய வேகத்தையும் பார்த்து விகிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோலின் அசைவால் உயிர்பெறும் இரை என்றால், ரீலின் வேலை தொய்வைச் சுருட்டுவது மட்டுமே. அதை எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்பதே அங்கே கேள்வி. விகிதங்களை இரைகளோடு பொருத்தி வெளியிடப்படும் அட்டவணைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குக் காரணம், அவை இந்த இரண்டு வகைகளையும் ஒரே கோட்டில் வைத்து வரிசைப்படுத்துவதுதான்.

ரீலால் நகரும் இரைகளில் ஆழத்தில் பாயும் கிராங்க்பெயிட்டுக்கே (மீன் வடிவக் கடின இரை) முதலிடம் தர வேண்டும். ஏனென்றால் தவறான விகிதத்தின் விளைவு வேறெதையும்விட இதில்தான் அதிகமாகத் தெரியும். இதன் முகப்பில் நீண்டிருக்கும் அகன்ற தகடு நீரை எதிர்த்து இரையைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்கிறது. 5 அல்லது 6 மீட்டர் ஆழத்துக்குப் போகும் ஒரு பெரிய இரை கையில் தரும் இழுப்பு, சிறு மீன் ஒன்று மாட்டியிருப்பதைப் போன்றே இருக்கும். ஒரு வீச்சில் அது மெல்ல இறங்கி, நடுப்பகுதியில் அடித்தரையைத் தொட்டு உரசிக்கொண்டு வந்து, இறுதியில் உங்களை நெருங்கும்போது மேலேறிவிடுகிறது. மீன் கிடைப்பது பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான். அதை நீட்டிப்பதே உங்கள் குறிக்கோள். அதற்கு வேண்டியவை நீண்ட வீச்சும், மெல்லிய நரம்பும், சீரான வேகமும். வேகமாகச் சுற்றினால் இன்னும் ஆழமாகப் போகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரை எட்டும் ஆழத்தைத் தகட்டின் அளவும் கோணமும், நரம்பின் தடிமனும், வீசிய தூரமுமே பெரிதும் முடிவு செய்கின்றன. ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடினால் இரை நிலைகுலைந்து ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். இந்த இரைக்கு 5:1 முதல் 5.8:1 வரையிலான ரீல், சுற்றுக்கு 55 முதல் 65 செ.மீ. வரை நரம்பு இழுப்பது, ஏற்றது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரை அடியில் கிடக்கும் கல்லிலோ மரத்துண்டிலோ மோதித் திசைமாறும் நொடியில்தான் பாஸ் பெரும்பாலும் பாய்ந்து கவ்வும். அந்த மோதலைக் கை உணர வேண்டும். உணர்ந்தவுடன் ஒரு கணம் நிறுத்த வேண்டும். மிதக்கும் தன்மையுள்ள இரை அப்போது சற்றே மேலெழுந்து தடையைத் தாண்டிவிடும். பல மணி நேரம் வேகமான ரீலோடு மல்லுக்கட்டிக் களைத்த கை இந்த நுண்ணிய அதிர்வுகளைத் தவறவிடுகிறது. குறைந்த விகிதத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுவே என்பது என் கருத்து.

ஆழமற்ற நீரில், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வரை மட்டும் பாயும் சதுரத் தகடு கொண்ட கிராங்க்பெயிட்டுகள் வேறு இனம். எதிர்ப்பு குறைவு, மரங்களின் நடுவே விரைந்து ஓட்டி, மோதவிட்டு, மீனைத் திடுக்கிடச் செய்வதே நோக்கம். இவற்றுக்கு 6.3:1 நன்றாகப் பொருந்தும். நீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில் 7:1 கூடத் தவறில்லை.

சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெயிட்டுக்கு எந்த விகிதம் என்று கேட்பவரிடம், எந்த வடிவத் தகடு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வட்டமான கொலராடோ தகடு நீரை நிறையத் தள்ளும், இரையை மேலே தூக்கும். அதை அடித்தரையை ஒட்டி மெல்ல உருட்டிக்கொண்டு வர வேண்டுமானால் 5.4:1 அல்லது 6:1 ரீல் இயல்பாகவே அந்த வேகத்தைத் தரும். நீண்டு ஒடுங்கிய வில்லோ இலைத் தகடுகள் எதிர்ப்பு குறைந்தவை. தெளிந்த நீரில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அவற்றை மிக வேகமாக ஓட்ட 7:1 வேண்டும். இரண்டையும் ஒரே ரீலில் பயன்படுத்துபவருக்கு 6.3:1 நல்ல சமரசம். ஜிக் (எடைத் தலை கொண்ட முள்) வகையில் தகடு பொருத்திய பிளேடட் ஜிக், நீந்தவிடும் ஜிக் ஆகியவையும் இந்த 6.3:1 முதல் 7.1:1 வரையிலான எல்லைக்குள் வருகின்றன. நீர்த்தாவரங்கள் அடர்ந்த இடத்தில் மேல் எல்லையையும், திறந்த நீரில் கீழ் எல்லையையும் தேர்ந்தெடுங்கள்.

தகடு இல்லாத லிப்லெஸ் கிராங்க்பெயிட், ரீலாலும் கோலாலும் மாறி மாறி நகரும் இரை. அது மூழ்கும் தன்மை கொண்டது. தண்ணீருக்கடியில் வளர்ந்திருக்கும் பாசிப்படுகையின் உச்சியை உரசிக்கொண்டு அதை ஓட்டுவதும், அது பாசியில் சிக்கும்போது கோலால் வெடுக்கென்று பிடுங்குவதும்தான் வழக்கமான முறை. பிடுங்கியவுடன் பெருந்தொய்வு விழும். மீன் கவ்வுவதும் அந்தக் கணத்தில்தான். 7:1 ரீல் அந்தத் தொய்வை உடனே வாங்கிக்கொள்ளும். நீர் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்துவிட்டால் பாஸின் உடலியக்கம் மந்தப்பட்டு, அது தொலைவு துரத்த மறுக்கும். அப்போது இதே இரையை அடியிலிருந்து மெல்லத் தூக்கி விழவிடுவது பலன் தரும். அங்கே வேலை முழுவதும் கோலுடையது என்பதால் ரீலை மாற்ற வேண்டியதில்லை. குளிர்காலம் என்றால் மெதுவான ரீல் என்ற பொது விதி இங்கே பொருந்தாமல் போவது அதனால்தான். நீரின் வெப்பநிலை ரீலால் நகரும் இரைகளின் வேகத்தை மாற்றச் சொல்கிறது. கோலால் நகரும் இரைகளில் அது இடைநிறுத்தத்தின் நீளத்தை மட்டுமே மாற்றச் சொல்கிறது.

பெரிய ஸ்விம்பெயிட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 20 செ.மீ. நீளமும் 100 கிராமுக்கு மேல் எடையும் கொண்ட, வாலை ஆட்டிக்கொண்டு நேராக வரும் மென்மையான இரைகளுக்குப் பெரிய ஸ்பூல் கொண்ட ரீலும் 5:1 முதல் 6:1 வரையிலான விகிதமும் பொருத்தம். ஆனால் இரண்டு துண்டுகளாக இணைக்கப்பட்டு, வலமும் இடமுமாகச் சறுக்கிச் செல்லும் கிளைட் பெயிட்டில் கணக்கு மாறுகிறது. அதை இயக்குவது கைப்பிடியின் அரைச்சுற்றும் அதைத் தொடரும் நிறுத்தமும். அரைச்சுற்றில் 34 மி.மீ. ஸ்பூல் கொண்ட 8.1:1 ரீல் 43 செ.மீ. நரம்பை இழுத்துவிடும், 6.3:1 ரீல் 34 செ.மீ. இழுக்கும். முதலாவது அளவு பல இரைகளைச் சறுக்கவிடாமல் முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. அதே வேளையில், பின்தொடர்ந்து வரும் பெரிய மீனைத் தூண்ட இரையைத் திடீரென்று ஓடவிட வேண்டிய தருணத்தில் வேகமான ரீல் கைகொடுக்கும். நான் 6.3:1 முதல் 7:1 வரையிலான எல்லையைப் பரிந்துரைப்பேன். உங்கள் இரை அரைச்சுற்றுக்கு எவ்வளவு தூரம் அகலமாகச் சறுக்குகிறது என்பதைத் தெளிந்த, ஆழமற்ற நீரில் கண்ணால் பார்த்து முடிவு செய்வது எந்தப் பரிந்துரையைவிடவும் நல்லது.

இனி கோலால் நகரும் இரைகள். டெக்சாஸ் ரிக் (முள்நுனி மென்மையான இரைக்குள் மறைந்திருக்கும் அமைப்பு), அடியில் ஊரும் ஜிக் போன்றவற்றைக் கோலை உயர்த்தி நகர்த்துகிறோம். பிறகு கோலைத் தாழ்த்தும்போது விழும் தொய்வைச் சுருட்டுகிறோம். ரீல் இரையை இழுப்பதே இல்லை. ஆகவே மெல்ல ஊர வேண்டிய இரைக்கு மெதுவான ரீல் என்று பொருத்துவது இங்கே தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். பாஸ் இந்த இரைகளை வாயில் வைத்துக்கொண்டு பல நேரங்களில் உங்களை நோக்கியே நீந்தி வரும். நரம்பு பக்கவாட்டில் நகர்வதையோ தளர்வதையோ கண்டவுடன் தொய்வைச் சுருட்டி, மீனின் எடையை உணர்ந்து, பிறகுதான் கோலை ஓங்கி முள்ளைப் பதிக்க முடியும். இரண்டு மீட்டர் தொய்வைச் சுருட்ட 5.4:1 ரீலுக்கு மூன்றரைச் சுற்றுகள் வேண்டும்; 8.1:1 ரீலுக்கு இரண்டேகால் சுற்றுகளுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அந்த இடைவெளிக்குள் மீன் இரையைத் துப்பிவிடக்கூடும். 7.1:1 போதுமானது, 8.1:1 இன்னும் நல்லது.

குறுகிய தூரத்துக்கு இரையைத் தாழ்வாக வீசி, புதர்களின் இடுக்கிலும் மரவேர்களின் அடியிலும் போடும் பிட்சிங், ஃபிளிப்பிங் முறைகளில் வேகத்துக்கு மேலும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதாக, மீன் பெரும்பாலும் இரை முதன்முறை விழும்போதே கவ்வும். கவ்வவில்லை என்றால் உடனே சுருட்டி அடுத்த இடுக்கில் போட வேண்டும். பயனற்ற தூரத்தைக் கடப்பதற்காக மட்டும் கைப்பிடியைச் சுற்றும் நேரம் நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவதாக, மாட்டிய மீனைக் கிளைகளுக்குள் திரும்ப விடாமல் முதல் சில நொடிகளிலேயே வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு வலுவான குறைந்த விகிதம்தானே வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வலுவைத் தருவது கோல். தடித்த கோல் மீனைத் தூக்குகிறது. ரீல் அது தூக்கிக் கொடுத்த நரம்பை மீண்டும் பறிகொடுக்காமல் சேர்த்துக்கொள்கிறது.

அடர்ந்த பாசியின் மேல் ஓட்டும் உள்ளீடற்ற தவளை இரைக்கும் இதே காரணத்தால் 7:1 முதல் 8:1 வரை வேண்டும். தவளையைக் கோலின் நுனியால் தொய்வான நரம்பில் தட்டித் தட்டி நடக்க வைக்கிறோம்; மீன் பாசியைக் கிழித்துக்கொண்டு வந்து விழுங்கும்போது நரம்பு தளர்ந்தே இருக்கும். இங்கே பின்னல் நரம்பும் இறுக்கிய டிராக்கும் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் தடை) தேவை. மீன் கத்தையாகப் பாசியைச் சுற்றிக்கொண்டு வந்தால் 8:1 ரீலின் கைப்பிடி சுற்ற மறுப்பதைப் போலிருக்கும். அதற்கு எளிய தீர்வு, கைப்பிடியை நீளமாக்குவது. முன்பு பார்த்த கணக்கில் 95 மி.மீ. கைப்பிடிக்குப் பதிலாக 110 மி.மீ. கைப்பிடியைப் பொருத்தினால், 8.1:1 ரீலில் தேவைப்படும் விசை 2.9 கி.கி. என்பதிலிருந்து 2.5 கி.கி. ஆகக் குறைந்துவிடும்.

மேற்பரப்பில் சுழலும் தகடு கொண்ட பஸ்பெயிட், நிறுத்தினால் மூழ்கிவிடும். நீரில் விழுந்த நொடியிலேயே மேற்பரப்புக்கு வந்து சுழலத் தொடங்க வேண்டும் என்பதால் 7:1 ரீலுக்குக் குறைய வேண்டாம். எடைக்கும் இரைக்கும் இடையே நீண்ட தலைநரம்பு கொண்ட கரோலினா ரிக்கிலும் தொய்வு மிகுதி என்பதால் 7:1 அல்லது அதற்கு மேல்.

வேகத்தின் ஆதாயம் குறையும் இடம் ஜெர்க்பெயிட்டும் (கோலால் வெட்டி வெட்டி இழுக்கும் ஒடுங்கிய மீன் வடிவ இரை), மேற்பரப்பில் வலமும் இடமுமாக நடக்கும் மரக்கட்டை வடிவ இரைகளும். இவையும் கோலால் நகர்பவைதான். ஆனால் இவற்றின் அசைவுக்கு நரம்பில் ஓரளவு தொய்வு எப்போதும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே சிறிது சிறிதாக மட்டுமே சுருட்ட வேண்டிய இந்த முறையில், சுற்றுக்கு 86 செ.மீ. விழுங்கும் ரீல் தொய்வு முழுவதையும் எடுத்துவிட்டு இரையை நேராக இழுத்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் ஜெர்க்பெயிட்டைப் பல நொடிகள் அசையாமல் நிறுத்தும்போது, கவனக்குறைவான கால் சுற்றுகூட அதை மீனின் முன்னாலிருந்து விலக்கிவிடும். இவற்றுக்கு 6.3:1 முதல் 7.1:1 வரை.

கோலின் கீழே பொருத்தும் ஸ்பின்னிங் ரீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டிராப் ஷாட், ஷேக்கி ஹெட், நெட் ரிக் போன்ற இலேசான இரைகளுக்கு அதுவே பயன்படுகிறது. அதன் ஸ்பூல் பெரிது: 45 மி.மீ. விட்டத்தில் 5.2:1 விகிதமே சுற்றுக்கு 73 செ.மீ. இழுத்துவிடும். ஆகவே பெயிட்காஸ்டிங் ரீலில் மெதுவானது என்று கருதப்படும் எண்ணை இங்கே கண்டு தயங்க வேண்டாம். படகுக்கு நேர் கீழே ஆழத்தில் பிடிப்பவர்களுக்கு மட்டும் 6:1 அளவிலான ரீல் நேரத்தை மிச்சப்படுத்தும்.

விகிதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு செய்திகளையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிராக்கின் இறுக்கும் திறன் தகடுகளின் உராய்வால் வருவது. விகிதம் அதைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. வீச்சின் தூரத்துக்கும் விகிதத்துக்கும் தொடர்பில்லை. அது மட்டுமன்றி, வேகமானது, மெதுவானது என்ற சொற்களின் பொருளே காலத்தோடு மாறிவந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கென்டக்கியின் கடிகாரக் கைவினைஞர்கள் உருவாக்கிய ரீல்களில் 4:1 விகிதமே வழக்கம். இன்று 10:1 விகிதத்தைத் தாண்டிய ரீல்களும் விற்பனையில் உள்ளன. எனவே பழைய குறிப்புகளில் வேகமான ரீல் என்று படித்தால் அதை இன்றைய 8:1 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனங்கள் பெயரோடு சேர்க்கும் எழுத்துகளும் அப்படியே. ஷிமானோவின் பெயர்களில் பிஜி என்பது குறைந்த விகிதத்தையும், ஹெச்ஜி அதிக விகிதத்தையும், எக்ஸ்ஜி அதனினும் அதிகமானதையும் குறிக்கின்றன. ஆனால் ஒரு மாதிரியின் ஹெச்ஜி இழுக்கும் நரம்பின் நீளம் இன்னொரு மாதிரியின் ஹெச்ஜிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்றால், சுற்றுக்கு 70 முதல் 76 செ.மீ. வரை இழுக்கும் 7:1 ரீலை வாங்குங்கள். 6.3:1 எல்லாவற்றுக்கும் நடுவானது என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நடுத்தர எதிர்ப்புள்ள இரைகளை 7:1 ரீலில் சற்று நிதானமாகச் சுற்றிச் சமாளிக்கலாம். மீன் எதிரே நீந்தி வரும்போது போதாத வேகத்தைக் கையால் ஈடுசெய்வது கடினம். அதனால்தான் இந்தத் தேர்வு. இரண்டாவது ரீலை உங்கள் நீர்நிலை முடிவு செய்யட்டும்: ஆழத்து மேடுகளில் கிராங்க்பெயிட் வீசுகிறீர்கள் என்றால் 5.4:1, புதரும் பாசியும் நிறைந்த கரையோரத்தில் பிடிக்கிறீர்கள் என்றால் 8.1:1. கனமான கிராங்க்பெயிட்டுகளை 7:1 ரீலில் அடிக்கடி இழுத்தால் கைக்கு வலி வருவதோடு பற்சக்கரங்களின் மேலும் தொடர்ந்து சுமை விழும். ஆகவே முதல் வகையினர் இரண்டாவது ரீலை நெடுநாள் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு விகிதங்களை ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். 8.1:1 ரீலில் பழகிய கை, 5.4:1 ரீலை எடுத்தவுடனும் அதே தாளத்தில் சுற்றும். இரை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் வரும். திரும்ப மாற்றும்போது இரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஒவ்வொரு முறை கோலை மாற்றிய பிறகும் முதல் வீச்சின் இறுதியில் இரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் அதன் அசைவைப் பார்த்து, கையின் தாளத்தைச் சரிசெய்துகொண்டு, அதன் பின் இரண்டாவது வீச்சை வீசுங்கள்.